முன்பணம் என்னும் விலங்கு

அடிமை என்றதும் சங்கிலியும் சவுக்குமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்றைய அடிமைத்தனத்திற்கு அவை வேண்டியதில்லை; முன்பணமே போதும்.

செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் இரவு பகலாய் உழைத்தும் கடன் தீர்வதில்லை. ஏனெனில், கணக்கு முதலாளியின் கையில்! தமிழக நூற்பாலைகள் சிலவற்றில் பரவிய 'சுமங்கலித் திட்டம்' நம் வயதுப் பெண்களையே நாடி வந்தது. மூன்றாண்டு உழைத்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்றார்கள். விடுதியை விட்டு வெளியே செல்லத் தடை. இடையில் நோயுற்று வீடு திரும்பிய பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை.

இதை அறிவது எப்படி? விரும்பினால் வேலையை விட்டுப் போகலாமா? கூலி மாதந்தோறும் கைக்கு வருகிறதா? சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்களா? வீட்டாருடன் தனியே பேச விடுகிறார்களா? இவற்றைக் கேட்டாலே உண்மை விளங்கும்.

அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அத்தகைய கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. கொத்தடிமையாய் வைத்திருப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை. மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். சிறார்க்கு உதவ 1098 என்ற தொலைபேசி எண் உண்டு.

பெற்றோர்களே, படித்துப் பாராத தாளில் கையெழுத்திடாதீர்கள். தோழியரே, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த எண்ணும் தோழியின் வீட்டிற்குத் தரகர் வருமுன் நாம் செல்வோம். உழைப்பு உயர்ந்தது, உழைப்பவர் உரிமையோடு வாழும்போதுதான்!