பலகையில் மட்டும் மாறினால் போதாது

காவலூரிலிருந்து ரயில் பிடிக்க, மலையிறங்கி ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் திருப்பத்தூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ. இங்குள்ள வானாய்வகம் பார்க்க வருகிறவர்கள் போனில் வழி கேட்டால், திருப்பத்தூர் என்பதோடு நிறுத்தாமல் டிக்கெட்டில் வரும் குறியீட்டையும் சொல்லிவிடுவேன். திருப்பத்தூர் நிலையத்துக்கு ‘டி.பி.டி.’, திருப்பதிக்கு ‘டி.பி.டி.ஒய்.’ ஓர் எழுத்துதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, 2019ல் பிறந்த எங்கள் மாவட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் ‘டி.எச்.’ போட்டு எழுதுகிறார்கள். நிலையத்தின் பெயரிலோ அந்த இடத்தில் இரண்டு ‘டி’. ஒரே ஊர்தான்.

நிலையத்தின் பெயருக்காக உயிரையே கொடுத்த மண் இது. கல்லக்குடியில் டால்மியா சிமென்ட் ஆலை வந்ததும் ரயில் நிலையம் ‘டால்மியாபுரம்’ ஆனது. முதலாளியின் பெயர் வேண்டாம், ஊரின் பெயர் வேண்டும் என்று 1953 ஜூலை 15 அன்று தி.மு.க. போராடியது. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். பின்னாளில் அந்த நிலையம் ‘கல்லக்குடி பழங்காநத்தம்’ என்றானது. அந்த இருவரை நினைக்காமல் இந்தப் பேச்சைப் பேசக்கூடாது.

இன்று பெயர் மாற்றுவது காகித வேலை. மாநில அரசு கேட்க வேண்டும், மத்திய உள்துறை சம்மதிக்க வேண்டும், பிறகுதான் ரயில்வே பலகை மாறும். ஆனால் குறியீடு பழைய பெயரை விடுவதில்லை. மயிலாடுதுறைக்கு இன்னும் மாயவரத்தின் ‘எம்.வி.’தான். காஞ்சிபுரத்துக்குக் கஞ்சீவரத்தின் ‘சி.ஜே.’ மெட்ராஸ் 1996லேயே சென்னையாகிவிட்டது. 2019ல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயரும் வந்துவிட்டது, டிக்கெட்டில் ‘எம்.ஏ.எஸ்.’ அப்படியே நிற்கிறது.

ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்ற வழக்கு பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலும் இருந்தது. அங்கே லனெல்லி என்ற ஊரின் கடைசி எழுத்தை ஆங்கிலேயர்கள் ‘ஒய்’ என்று எழுதிவந்தார்கள். வேல்ஸ் மொழி முறைப்படி ‘ஐ’ வேண்டும் என்று ஊரார் கேட்டு, 1966ல் வாங்கினார்கள். ஓர் எழுத்துதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

நாம் விட்டுவிட்டோம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணையிட்டது. வேலூருக்கு இரண்டு ‘ஈ’ போட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்துமுறையில் குறை இருந்தது உண்மை. அதற்காக நோக்கத்தையே கைவிட்டது தவறு.

அந்த வேலையை அரசு மறுபடி கையிலெடுக்க வேண்டும். மொழி அறிஞர்களோடு அந்தந்த ஊர்க்காரர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். முடிவானதும் பலகை, டிக்கெட், குறியீடு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். முதலில் திருப்பத்தூரிலிருந்து தொடங்கினால் எங்கள் மலைக்கு வருகிறவர்களுக்கும் உதவியாக இருக்கும்.