கழுத்து முடி: லேசர் போட்டும் போகலையா? எலக்ட்ரோலிசிஸ் என்ன செய்யும், என்ன செய்யாது?

வீட்டு பாத்ரூம் கண்ணாடியில் தெரியாதது ஸ்கூட்டி கண்ணாடியில் தெரியும். சிக்னலில் நிற்கும்போது காலை வெயில் பக்கவாட்டில் விழ, தாடைக்குக் கீழே தொண்டைக்குழி வரை ஆங்காங்கே நிற்கும் முரட்டு முடிகள் பளிச்சென்று கண்ணில் படும். "நேத்துதானே பிடுங்கினேன்!" என்று கை தானாகக் கழுத்துக்குப் போகும். ஆபீஸ் பையில் லிப்ஸ்டிக் இருக்கிறதோ இல்லையோ, ட்வீசர் இருக்கும். வீடியோ மீட்டிங்கில் கேமராவைக் கொஞ்சம் உயரத்தில் வைப்பது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் துப்பட்டாவை மேலே இழுத்துவிடுவது எல்லாம் பலருக்குப் பழகிப்போன விஷயம்.

இத்தனைக்கும் இது அபூர்வமான பிரச்னை இல்லை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு பிசிஓஎஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முகத்திலும் கழுத்திலும் தடித்த முடி முளைப்பது அதன் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. ஆனால் வெளியே சொன்னால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "லேசர் பண்ணிக்கோயேன்."

பண்ணிப் பார்த்தும் சரியாகாதவர்கள் அடுத்து தேடும் வார்த்தை, எலக்ட்ரோலிசிஸ். பெயர் புதுசாக இருக்கலாம். முறைக்கு வயது 150 ஆகிறது.

'குறைப்பது' வேறு, 'நீக்குவது' வேறு

நம் ஊர் விளம்பரப் பலகைகளில் எல்லாமே 'பெர்மனென்ட்'தான். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இந்த வார்த்தையில் கொஞ்சம் கறார். லேசருக்கு அது அனுமதிக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'. அதாவது, சிகிச்சை முடிந்த பிறகு திரும்ப வளரும் முடியின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்திருக்கும். மொத்தமும் போய்விடும் என்று அதற்கு அர்த்தமில்லை. 'நிரந்தர நீக்கம்' என்ற சொல்லை அது எலக்ட்ரோலிசிஸுக்குத்தான் தருகிறது.

லேசர் தேடுவது நிறத்தை. முடியில் இருக்கும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூடு வேர்க்காலைச் சேதப்படுத்தும். கறுத்துத் தடித்த முடி அதற்கு நல்ல இலக்கு. நரைத்த முடியோ பூனைமுடியோ இருந்தால் அதற்குக் கண் தெரியாது. மாநிறத்துக்கும் அதைவிடக் கறுத்த தோலுக்கும் இன்னொரு சிக்கல்: தோலிலேயே மெலனின் அதிகம் என்பதால் சூடு அங்கேயும் இறங்கிவிடும். இந்தத் தோல்களுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் பரிந்துரைப்பது அதனால்தான். ஆனால் மெல்லிய முடியிடம் அது இன்னும் பலவீனம்.

இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. சிலருக்கு லேசர் போட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ, இருந்த மெல்லிய முடி தடித்துக் கறுத்து வளர ஆரம்பிக்கிறது. இதற்கு மருத்துவத்தில் 'பாரடாக்சிகல் ஹைப்பர்டிரைக்கோசிஸ்' என்று தனிப் பெயரே உண்டு. அடிக்கடி நடப்பதில்லை. நடக்கும்போது பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான் நடக்கிறது. கறுத்த தோல், ஹார்மோன் கோளாறு இரண்டும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். எட்டு சிட்டிங் முடிந்து, தாடை ஓரத்தில் முன்பு இல்லாத முடி வந்திருக்கிறது என்றால், "இன்னும் ரெண்டு சிட்டிங் போட்டா சரியாயிடும்" என்ற பதிலுக்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லை.

இமை முடியில் தொடங்கிய வைத்தியம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல். இமை முடி உள்பக்கமாக வளைந்து கண்ணை உரசும் நோயாளிகளுக்கு, ஒரு மெல்லிய ஊசியை வேர்க்காலுக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சினார். பிடுங்கினால் திரும்ப வளர்ந்த முடி, இதில் வளரவில்லை. 1875ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். அழகு நிலையங்களுக்கு இது வந்தது அதற்கப்புறம்தான்.

உள்ளே நடப்பது பிளஸ் டூ வேதியியலில் படித்த அதே மின்னாற்பகுப்பு. வேர்க்காலுக்குள் உப்பும் நீரும் இயல்பாகவே இருக்கின்றன. ஊசி வழியாக நேர் மின்சாரம் போனால், அங்கேயே துளியளவு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்பு செய்யப் பயன்படும் காஸ்டிக் சோடா, உருவாகிறது. அது முடியை வளர்க்கும் செல்களைக் கரைத்துவிடுகிறது. இதற்கு 'கால்வனிக்' முறை என்று பெயர். நம்பகமானது. ஆனால் ஒரே ஊசி என்றால் ஒரு முடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகும்.

இரண்டாவது 'தெர்மோலிசிஸ்'. 1920களில் பிரான்ஸின் லியோன் நகர மருத்துவர் ஆன்றி போர்தியே கொண்டுவந்தது. உயர் அதிர்வெண் மின்சாரம் வேர்க்காலைச் சூட்டால் அழிக்கும். ஓரிரு விநாடிகளில் வேலை முடியும், ஆனால் கோணலான வேர்க்கால் என்றால் அடி வரை சூடு எட்டாமல் போகலாம். 1940களில் ஆர்தர் ஹிங்கெல், ஆன்றி செயின்ட் பியர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இரண்டையும் சேர்த்து 'பிளெண்ட்' முறையை உருவாக்கினார்கள். சூடாக்கப்பட்ட காஸ்டிக் சோடா இன்னும் வேகமாக வேலை செய்யும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

எந்த முறையானாலும் ஒரு அடையாளம் உண்டு. வேர்க்கால் சரியாக அழிந்திருந்தால், முடியை எடுக்கும்போது வெண்ணெயிலிருந்து நூலை உருவுவது போல வந்துவிடும். வெடுக்கென்று பிடுங்குகிற வலி ஒவ்வொரு முடிக்கும் இருந்தால், அங்கே நடப்பது காசு கொடுத்துச் செய்துகொள்ளும் த்ரெட்டிங்தான்.

கழுத்து ஏன் கஷ்டமான இடம்?

மேலுதட்டு முடி பெரும்பாலும் ஒரே திசையில் வளரும். கழுத்தில் அப்படியில்லை. தாடைக்குக் கீழே ஒரு திசை, தொண்டைக்குழிப் பக்கம் இன்னொரு திசை, நடுவில் சுழி. பல முடிகள் தோலோடு தோலாகப் படுத்தே வளரும். ஊசி போக வேண்டிய கோணத்தை ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும். வருஷக்கணக்கில் வாக்ஸிங், த்ரெட்டிங், ட்வீசர் என்று இழுபட்ட வேர்க்கால்கள் வேறு உள்ளுக்குள் வளைந்து கிடக்கும். தோள்களுக்கு அடியில் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் செய்வார்கள். எச்சில் விழுங்கினால்கூடத் தோல் நகரும்.

அதோடு தாடை ஓரமும் கழுத்தும் தழும்பு தடித்து எழும்பக்கூடிய இடங்கள். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ 'கீலாய்டு' வந்தவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு முடிக்கு பத்து விநாடி என்று வைத்துக்கொண்டால், 500 முடிக்கு ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இது ஒரு சுற்று மட்டும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வெளியே தெரிவதில்லை. ஒரு பகுதி வளரும், ஒரு பகுதி ஓய்வில் இருக்கும். இன்று சுத்தமாகத் தெரியும் கழுத்தில் இரண்டு மாதம் கழித்து முளைப்பது, பெரும்பாலும் அப்போது தூங்கிக்கொண்டிருந்த முடி. சில பிடிவாதமான வேர்க்கால்களுக்கு இரண்டாம், மூன்றாம் முறையும் தேவைப்படும். ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று, மொத்தம் ஒன்று முதல் இரண்டு வருடம் ஆவது சகஜம். 'மூணே சிட்டிங்' என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம்.

முதலில் ரத்தப் பரிசோதனை

ஊசி அழிப்பது அது தொட்ட வேர்க்காலை மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றிக்கொண்டிருக்கும் ஹார்மோனை அது ஒன்றும் செய்யாது. பிசிஓஎஸ்ஸைக் கவனிக்காமல் கழுத்தை மட்டும் கவனித்தால், நூறு போன இடத்தில் ஐம்பது புதுசாக வரும். பழி எலக்ட்ரோலிசிஸ் மேல் விழும்.

அதனால் பீரியட்ஸ் ஒழுங்கில்லை, முகப்பரு, தலைமுடி மெலிகிறது என்று கூடவே ஏதாவது இருந்தால், பார்லருக்கு முன் மகப்பேறு மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பார்ப்பதுதான் முறை. ஹார்மோன் மாத்திரைகள் முடி விஷயத்தில் பலன் காட்ட ஆறு மாதமாவது ஆகும். ஏற்கெனவே தடித்துவிட்ட முடி மாத்திரையால் மறைந்துவிடாது; அதற்குத்தான் ஊசி. இரண்டும் சேர்ந்து போவதுதான் லாபம். சில மாதங்களுக்குள் முடி மடமடவென்று பெருகி, குரலும் தடித்தால் தள்ளிப்போடவே கூடாது. அபூர்வமாக, ஆண் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகூடக் காரணமாக இருக்கலாம்.

கழுத்து மடிப்பில் வெல்வெட் மாதிரி கறுப்பு இருந்தால் அதுவும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். எலுமிச்சையும் சர்க்கரையும் வைத்துத் தேய்த்தால் போகாத அந்தக் கறுப்பு, பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். நிறம் கூட்டுவதற்காக மருந்துக் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீமும் முகத்தில் முடி வளர ஒரு காரணம். அதை நிறுத்தாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை. நிறுத்துவதையும் தோல் மருத்துவர் சொல்படி செய்வது நல்லது.

அந்த மூன்று நாள்

வலியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். மரத்துப்போக வைக்கும் லிடோகைன் கிரீமை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். உண்மையில் பலரைப் பாதியில் நிறுத்தவைப்பது வேறு. சிட்டிங் போகும்போது முடி இடுக்கியில் பிடிக்கும் அளவுக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். த்ரெட்டிங், வாக்ஸிங், ட்வீசர் எதுவும் கூடாது. பத்து வருஷமாக ஒரு முடியைக்கூட யார் கண்ணிலும் படவிடாத ஒருவர், அதை வளரவிட்டு ஆபீஸ் போக வேண்டும்.

இடைப்பட்ட நாட்களுக்கு வழி ரேசர்தான். "ஷேவ் பண்ணாதடி, ஆம்பள மாதிரி வளரும்" என்ற அம்மாவின் எச்சரிக்கை காதில் விழுந்தால், 1928ல் மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளரே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார் என்று சொல்லலாம். சவரத்தால் முடியின் நிறமோ, தடிமனோ, வேகமோ மாறவில்லை. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் சொரசொரவென்று தோன்றுகிறது, அவ்வளவுதான். சிட்டிங்குக்கு மூன்று நாள் முன்பு ஷேவ் செய்வதில் ஒரு வசதியும் உண்டு: அதற்குள் வெளியே வருவதெல்லாம் வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடி. ஊசிக்குச் சரியான இலக்கு அதுதான்.

இதே சிகிச்சை திருநங்கைகளுக்கு இன்னும் அவசியமான விஷயம். ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் ஏற்கெனவே வளர்ந்த தாடி போய்விடாது. கழுத்தில் சவரம் செய்தாலே பொரிப்பொரியாகக் கிளம்பும் ஆண்களும் இதற்கு வருகிறார்கள். கறுத்துத் தடித்த தாடிக்கு முதலில் லேசர், மிஞ்சிய முடிக்கும் நரைக்கும் எலக்ட்ரோலிசிஸ் என்று சேர்த்துச் செய்வது நேரத்தை நிறையவே மிச்சப்படுத்தும்.

ஆன்லைனில் கிடைக்கும் 'பேனா'

முடியை நிரந்தரமாகப் போக்குகிறேன் என்ற வாக்குறுதிக்கு மோசமான வரலாறு உண்டு. 1920களில் அமெரிக்க அழகு நிலையங்கள் பெண்களின் தாடையில் எக்ஸ்-ரே பாய்ச்சின. முடி போனது, பின்னாளில் புண்ணும் புற்றுநோயும் வந்தன. 1930களின் தொடக்கத்தில் விற்ற 'கோரெம்லு' கிரீமில் இருந்தது தாலியம், எலி பாஷாணத்தில் சேர்த்துவந்த விஷம். இன்றைய ஏமாற்று அவ்வளவு ஆபத்தானதில்லை, பர்ஸுக்குத்தான் சேதம். 'ஊசியில்லா எலக்ட்ரோலிசிஸ்' என்று விற்கும் மின்சார ட்வீசர்கள் முடியைப் பிடித்து அதன் வழியாக மின்சாரத்தை வேருக்கு அனுப்புவதாகச் சொல்கின்றன. முடி மின்சாரத்தைக் கடத்தாது. ஊசி வைத்த வீட்டு உபயோகக் கருவிகள் வேலை செய்யலாம், ஆனால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொந்தத் தொண்டையில் ஊசி ஏற்றுவது வேண்டாத வேலை.

நேரில் போகும்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஊசி நம் கண் முன்னால் பாக்கெட்டிலிருந்து பிரிக்கப்படுகிறதா, ஒருவருக்கு ஒன்றுதானா? ஹெபடைடிஸ் பி, சி பரவும் வழிகளில் பொது ஊசியும் ஒன்று. எந்த முறை, யார் செய்கிறார்கள், கழுத்தில் செய்த அனுபவம் உண்டா? பேஸ்மேக்கர், காக்ளியர் கருவி, கர்ப்பம், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை என்று எது இருந்தாலும் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

சிட்டிங் முடிந்ததும் சில மணி நேரம் சிவந்து வீங்கும், பிறகு கடுகளவு பொருக்குகள் தோன்றி சில நாளில் உதிரும். நகத்தால் கிள்ளினால்தான் தழும்பு. வெயிலில் போனால் சன்ஸ்கிரீன், துப்பட்டா இரண்டும் தேவை. மாநிறத் தோலில் பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சும் கவலை கரும்புள்ளிதான். அவை மங்க மாதங்கள் ஆகும். முழுக் கழுத்துக்கும் பேக்கேஜ் கட்டுவதற்கு முன், தாடைக்கு அடியில் வெளியே தெரியாத ஒரு பொட்டு அகல இடத்தில் மட்டும் செய்துகொண்டு, நாலைந்து வாரம் கழித்து அதை வெயில் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஸ்கூட்டி கண்ணாடியே போதும்.