பாட்டுக் கச்சேரிக்குக் கீழே ஓடும் ரயில்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தரையெல்லாம் அதிரும். கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் மேலேறி வந்து சொல்லிவிட்டுப் போனார். நான்கு காலுக்கும் ரப்பர் கட்டை வாங்கி வைத்தேன். முழு வேகத்தில் அதிர்வு நன்றாகவே குறைந்தது. ஆனால் வேகம் ஏறும்போது நடுவில் சில விநாடிகள் முன்பைவிட மோசமாக ஆடித் தொலைத்தது. ஏன் என்று தேடப் போய் லண்டன் எலிசபெத் லைனில் வந்து நின்றேன்.

இந்தப் புறநகர் ரயில் பாதையின் நடுப்பகுதி 2022 மே 24-ல் திறந்தது. நகரத்துக்கு அடியில் 21 கி.மீ. நீளத்துக்கு இரட்டைச் சுரங்கம். வழியில் பார்பிகன் இசையரங்கம், சோஹோவின் ஒலிப்பதிவுக் கூடங்கள். சக்கரம் தண்டவாளத்தில் உருளும் அதிர்வு மண் வழியாக ஏறிக் கட்டடச் சுவரை அசைத்தால், உள்ளே அது 'ம்ம்ம்' என்ற உறுமலாகக் கேட்கும். வயலின் மெதுவாக இழையும் இடத்தில் அது வந்தால் எப்படி இருக்கும்!

சுரங்கத்தின் பெரும்பகுதியில் சாதாரண கான்கிரீட் தளம்தான். இந்த மாதிரி இடங்களில் மட்டும் தண்டவாளம் பதித்த கான்கிரீட் பலகை சுரங்கத் தரையைத் தொடாமல், ஸ்பிரிங் போன்ற தாங்கிகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குச் சொன்னால், இது ஒரு லோ-பாஸ் ஃபில்டர். உதாரணத்துக்கு, பலகையின் எடைக்கு ஸ்பிரிங் 10 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ். அதைப்போல 1.4 மடங்கு, அதாவது 7 ஹெர்ட்ஸ் தாண்டினால்தான் அதிர்வைத் தடுக்க ஆரம்பிக்கும். 5-ஐ ஒட்டி வந்தால் தடுக்காது, பெருக்கிவிடும். என் மெஷின் நடுவில் ஆடியது இதனால்தான். காதுக்கு எட்டும் உறுமல் 30 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் ரயிலுக்குப் பிரச்சினை இல்லை.

அப்படியானால் ஸ்பிரிங்கை இன்னும் மென்மையாக்கினால் போதாதா? போதாது. ரயில் ஏறும்போது தண்டவாளம் அதிகமாக அமுங்கும். இன்னொரு வழி, பலகையின் எடையைக் கூட்டுவது. எடை இரு மடங்கானால் அதே ஸ்பிரிங்கில் 5 ஹெர்ட்ஸ் சுமார் 3.5 ஆகிவிடும். ஆனால் சுரங்கத்தின் உள்விட்டமே 6.2 மீட்டர்தான், பலகையைத் தடிமனாக்க இடம் கிடையாது. அதனால் ஜல்லிக்குப் பதில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவைக் கலந்து கனமான கான்கிரீட் போட்டார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான்.

நானும் மெஷினுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு கடப்பாக்கல் பலகையைப் போட்டு, அதோடு மெஷினை இறுக்கிவிட்டேன். நடுவில் வரும் ஆட்டம் போகவில்லை, குறைந்திருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் இன்னும் மேலே வரவில்லை.