சாக்கடை திரும்பி வரும்போது

மணல் மூட்டை வாசலைக் காப்பாற்றும். குளியலறை ஓட்டையை யார் காப்பாற்றுவது?

வாசலில் மணல் மூட்டை அடுக்கியாயிற்று. கதவிடுக்கில் பழைய துணி திணித்தாயிற்று. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. அப்போதுதான் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் வருகிறது. தண்ணீர் வெளியேற வேண்டிய ஓட்டை வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் பொங்கி வருகிறது. மும்பையில் கிங்ஸ் சர்க்கிள், சயான் பக்கம் தரைத்தளத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை.

காரணம் எளியது. தெரு மேன்ஹோலில் நீர்மட்டம் உங்கள் குளியலறைத் தரையைவிட உயர்ந்துவிட்டால், இரண்டையும் இணைக்கும் குழாயில் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும். மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை. அதுவும் கடல் தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான். 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய மழையில் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் கொட்டியது 944 மி.மீ. மழைநீர் வடிகால் வேறு, பாதாள சாக்கடை வேறு என்பதெல்லாம் வரைபடத்தில்தான். சாலை மூழ்கிவிட்டால் மேன்ஹோல் மூடி வழியே இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதற்குக் கடல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. 2019 செப்டம்பர் இறுதியில் பாட்னாவின் ராஜேந்திர நகர், கங்கர்பாக் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நின்றது. பிகாரின் அப்போதைய துணை முதல்வர் சுஷில் குமார் மோடியையே அவரது வீட்டிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று.

சாக்கடை திரும்பி வருவதைத் தடுக்கும் கருவி ஒன்றும் புதிதல்ல. நான்-ரிட்டர்ன் வால்வு. குழாய்க்குள் ஒரு தட்டு. வெளியே போகும் தண்ணீருக்குத் திறக்கும், உள்ளே வரும் தண்ணீருக்கு மூடிக்கொள்ளும். ஆனால் அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் கோட்டை விடுகின்றன. எல்லா மாடிகளின் கழிவும் ஒன்றுசேர்ந்து தெருவுக்குப் போகும் குழாயில் வால்வைப் பொருத்தினால், வெள்ள நேரத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வராது. வாஸ்தவம். ஆனால் உள்ளே இருப்பதும் வெளியே போகாது. மூன்றாம் மாடிக்காரர் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால், அது போக வழியின்றித் தரைத்தளக்காரரின் கோப்பை வழியாகத்தான் வெளிவரும். ஊர்ச் சாக்கடைக்குப் பதில் சொந்தக் கட்டடத்துச் சாக்கடை, வித்தியாசம் அவ்வளவுதான்.

சரியான வழி, தரைத்தளத்தின் கழிவுக்குத் தனிக் குழாய் போட்டு, அதில் மட்டும் வால்வு பொருத்துவது. மேல் மாடிகளின் குழாய் தரைத்தளத்தைத் தொடாமல் நேராக வெளிச் சேம்பருக்குப் போக வேண்டும். தரைத்தளத்துக் குழாய் வால்வைத் தாண்டிய பிறகுதான் அதனுடன் சேர வேண்டும். இதற்குத் தளத்தைத் தோண்ட வேண்டும், பொதுப் பணத்தைச் செலவிட வேண்டும். சங்கக் கூட்டத்தில் மேல் மாடிக்காரர்கள் இதற்கு எளிதில் கை தூக்குவதில்லை. தரைத்தளக்காரர் கோபப்படாமல் நினைவுபடுத்த ஒரு விஷயம் உண்டு: எல்லோருக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் சம்ப்பும் பெரும்பாலும் தரை மட்டத்தில்தான் இருக்கின்றன.

வால்வு பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. தட்டில் ஒரு துணித் துண்டு சிக்கினாலும் அது மூடாது. எனவே திறந்து பார்க்க வசதியாகச் சேம்பர் வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும். வால்வு இல்லாத வீட்டில் அவசரத்துக்கு, துணி சுற்றிய கட்டையால் குளியலறை ஓட்டையை அடைத்து மேலே பாரம் வைக்கலாம். பாலிதீன் பையில் மணல் நிரப்பிக் கழிப்பறைக் கோப்பைக்குள் அழுத்தி வைக்கலாம். பலமான வெள்ளத்தில் இது தோற்கும். ஆனாலும் சாமான்களை மேலே தூக்கி வைக்க அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது சம்ப். அதன் மூடி தரையோடு தரையாக இருந்தால் தெருத் தண்ணீர் நேராகக் குடிநீரில் கலக்கும். மூடியைச் சுற்றி, முன்பு வெள்ளம் ஏறிய அளவுக்கு மேல் சுவர் எழுப்பி, இறுக்கமான மூடி போட வேண்டும். வழிந்தோடும் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் வாயும் அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மோட்டாரையும் சுவிட்சையும் உயரமான மேடைக்கு மாற்றுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். சம்ப்பைக் காலி செய்துவைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் நிலத்தடி நீர் ஏறும்போது காலித் தொட்டி, முக்கியமாக பிளாஸ்டிக் தொட்டி, மேலெழும்பிக் குழாய் இணைப்புகளைப் பிய்த்துவிடும். செப்டிக் டேங்கை வெள்ளத்தின் நடுவே உறிஞ்சி எடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

சம்ப்புக்கு வரும் குழாயையும் பாருங்கள். நம் நகரங்களில் குடிநீர் சில மணி நேரம்தான் வருகிறது. நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். துருப்பிடித்த அந்த இரும்புக் குழாய் சாக்கடைக்குள் மூழ்கியிருந்தால், ஓட்டைகள் வழியாக அழுக்கு உள்ளே போகும். பிரதான குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுப்பவர்கள் இதைத் தங்கள் செலவிலேயே செய்துகொள்கிறார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு அவசரப்படாதீர்கள். மூழ்கிய மோட்டாரை எலக்ட்ரீஷியன் காயவைத்துப் பரிசோதிக்கும் முன் சுவிட்சைத் தொடக் கூடாது. செப்டிக் டேங்கில் யாரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது, உள்ளிருக்கும் வாயு ஆளைக் கொல்லும். அழுக்கு புகுந்த சம்ப்பைக் காலி செய்து, சேற்றை எடுத்துக் கழுவிய பின், நீர் நிரப்பி 1,000 லிட்டருக்குச் சுமார் 170 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துவிட்டு ஒரு நாள் வைத்திருங்கள். பிறகு அந்தத் தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். அதற்குப் பிறகும் சில நாள் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பவுடர் புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். சென்ற வருஷம் பிரித்து மூலையில் வைத்த பொட்டலத்தில் வீரியம் குறைந்துபோயிருக்கும்.