கதவைத் திறந்தால் வெளிச்சம், மூடினால் நிம்மதி
அலமாரிக்குள் தானியங்கி எல்.இ.டி. பட்டை விளக்கு: வீட்டுக்கும் கடைக்கும் சில யோசனைகள்

கடை முகப்பு வெளிச்சத்திற்கு நம் வணிகர்கள் ஒருபோதும் குறை வைப்பதில்லை. பெயர்ப்பலகைக்கு விளக்கு, கல்லாவுக்கு மேலே விளக்கு, தராசுக்கு நேராக விளக்கு என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறோம். ஆனால் நாள்தோறும் கை போகிற பல இடங்கள் இன்னும் இருட்டாகவே கிடக்கின்றன. வீட்டில் துணி அலமாரி, பத்திரமும் பேரேடும் வைக்கும் அலமாரி, சமையலறைப் பரண். கடையில் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு, சில்லறைச் சரக்கு வைக்கும் உள்ளறை. அங்கெல்லாம் ஒரு கையில் டார்ச், மறு கையில் சாமான். மின்தடை என்றால் மெழுகுவர்த்தி.

இந்த இருட்டைப் போக்க இன்று எளிய வழி வந்துவிட்டது. கதவைத் திறந்தால் தானே எரிந்து, மூடினால் தானே அணையும் எல்.இ.டி. பட்டை விளக்குதான் அது. எலெக்ட்ரிகல் கடைகளில் இதை ‘ஸ்ட்ரிப் லைட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். எல்லோரும் வாங்குகிறார்களே என்று நாமும் வாங்கி ஒட்டிவிடாமல், நல்லது கெட்டதைத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது. ஏனென்றால் நாம் இதைப் பொருத்துவது துணிக்கும் காகிதத்திற்கும் நடுவில். கடையிலோ தீப்பெட்டிக்கும் சூடத்திற்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில்.

பழைய பல்பு ஏன் கூடாது?

அலமாரிக்குள் விளக்கு போடுவது புதிய யோசனையல்ல. முன்பு 40 வாட் குண்டு பல்பு மாட்டியவர்கள் உண்டு. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. மூடிய அலமாரியில் பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் அது மறந்துபோய் எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்.இ.டி. அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. 1962ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. ஆனால் வெள்ளை வெளிச்சத்திற்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாம் இன்று வாங்கும் வெள்ளைப் பட்டை விளக்கில் பெரும்பாலும் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பூச்சு இருக்கும். இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது.

என்னென்ன வாங்க வேண்டும்?

மூன்றே பொருள்கள்: பட்டை, அடாப்டர், சென்சார்.

பட்டை பொதுவாக 5 மீட்டர் சுருளாக வரும். அலமாரிக்கு 12 வோல்ட்டில் இயங்குவது போதும். மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட சாதாரணப் பட்டை மீட்டருக்குச் சுமார் 4.8 வாட் எடுக்கும். மூன்று விளக்குகளுக்கு ஒருமுறை, அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, வெட்டும் குறி இருக்கும். அந்தக் குறியில்தான் வெட்ட வேண்டும். இடையில் வெட்டினால் அந்தத் துண்டு எரியாது.

அடாப்டர் என்பது 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தருவது. இதில் சிக்கனம் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. கணக்கு எளியது. 6 அடி உயர அலமாரியில் இரு பக்கமும் பட்டை ஒட்டினால் 12 அடி, அதாவது சுமார் 3.7 மீட்டர். அதற்கு ஏறக்குறைய 18 வாட். 12ஆல் வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். இதற்கு ஒன்றரை ஆம்பியர் அடாப்டரை வாங்கக் கூடாது. 2 ஆம்பியர் வாங்க வேண்டும். அடாப்டரின் சக்தியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சுமை ஏற்றாமல் இருந்தால் சூடு குறையும், ஆயுள் கூடும். பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட அடாப்டராகப் பார்த்து, பில்லுடன் வாங்குங்கள். எடை போட்டு விற்கும் நமக்கு, பெட்டியில் போட்டிருக்கும் ஆம்பியர் உள்ளே இருக்கிறதா என்று கேட்கும் உரிமை உண்டு.

எந்த சென்சார்?

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நான்கு வகை உண்டு.

முதலாவது, கதவு சுவிட்ச். கதவு மூடும்போது அழுத்தப்பட்டு விளக்கு அணையும், திறந்தால் எரியும். ஃபிரிட்ஜில் இருப்பது இதுவே. கதவு சரியாக மூடும் மர அலமாரிக்கு இதுவே மலிவு, இதுவே உறுதி.

இரண்டாவது, காந்த சுவிட்ச். கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சுவிட்ச். சற்றே இடைவெளி விட்டு மூடும் கதவுக்கும் ஒத்துவரும்.

மூன்றாவது, ஆள் நடமாட்டத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சார். உடலின் வெப்பம் நகர்வதை இது கண்டுகொள்ளும். கதவில்லாத அலமாரிக்கும் உள்ளறைக்கும் பொருந்தும். ஆனால் சாதாரணக் கண்ணாடி வழியாக இது பார்க்காது. ஆகவே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பயனில்லை. ஆள் அசையாமல் நின்று கணக்கு எழுதினால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, ரேடார் வகை. இது மெல்லிய பலகையையும் ஊடுருவி உணரும். மூடிய அலமாரிக்கு முன்னால் யார் நடந்தாலும் உள்ளே விளக்கு எரியும். அலமாரிக்கு இது வேண்டாம்.

எந்த சென்சார் ஆனாலும் அடாப்டருக்கும் பட்டைக்கும் நடுவில், 12 வோல்ட் பக்கம் இணைக்கும் வகையாக வாங்கினால், கை படும் இடத்தில் 230 வோல்ட் இருக்காது. சென்சார் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பொருத்தும் முறை

மேல் பலகையில் மட்டும் ஒட்டினால் முதல் தட்டோடு வெளிச்சம் நின்றுவிடும். அலமாரியின் முன் ஓரத்தில், உள்பக்கமாக, மேலிருந்து கீழாக இரு பக்கமும் ஒட்டினால் எல்லாத் தட்டுக்கும் வெளிச்சம் கிடைக்கும். கண்ணிலும் அடிக்காது.

பட்டையின் பின்னால் இருக்கும் பசையை மட்டும் நம்பக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் அது நாளடைவில் விட்டுவிடும். அலுமினியச் சட்டத்தில் ஒட்டித் திருகினால் பட்டையும் நிற்கும், சூடும் வெளியேறும். ஒட்டும் இடத்தை முதலில் துடைத்துக் காயவிட வேண்டும். வயர்களைக் கூட்டல், கழித்தல் பார்த்து இணைக்க வேண்டும்; மாற்றிக் கொடுத்தால் எரியாது. நீளப் பட்டையின் கடைசியில் வெளிச்சம் மங்கினால் இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுக்கலாம்.

இரும்பு பீரோவில் வெட்டிய முனை தகட்டில் பட்டால் ஷார்ட் ஆகும். அதற்கு, காந்தத்தில் ஒட்டும் ரீசார்ஜ் விளக்கே போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அதுவே வசதி. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பேட்டரியை அலமாரிக்குள் வைத்தபடியே சார்ஜ் போடாமல், வெளியே எடுத்து, கண்ணெதிரே போட வேண்டும்.

தீக்கு இடம் கொடுக்காதீர்கள்

பட்டையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது அடாப்டரைத்தான். துணிமணிக்கு அடியிலோ, அட்டைப் பெட்டிக்குப் பின்னாலோ அதைப் புதைத்து வைக்கக் கூடாது. அலமாரிக்கு வெளியே, காற்றுப் படும் சுவரில் இருக்கட்டும். மளிகைக் கடையில் சூடம், தீப்பெட்டி, ஊதுபத்தி, எண்ணெய் இருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் அடாப்டரும் வேண்டாம், வயர் இணைப்பும் வேண்டாம். கிடங்கில் எலி வயரைக் கடிக்கும். ஆகவே பி.வி.சி. குழாய்க்குள் வயரைக் கொண்டுபோக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இடத்தில் முதலில் அதைப் போட்டுவிட்டுப் பிறகு விளக்கைப் பற்றி யோசிக்கலாம். 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும்.

கடை அடைத்துச் செல்லும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் வழக்கத்தை, தானியங்கி விளக்கு வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ஃபிரிட்ஜ், கேமரா போன்றவற்றுக்குத் தனி இணைப்பு வைத்துக்கொண்டால் மற்றதை எல்லாம் அணைத்துவிட்டுப் போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் நம்மில் பலர். சின்ன விளக்குதானே என்று வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுப்பது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் உரிய கட்டணத்தின் இரு மடங்கு கணக்கிடப்படும். சில ரூபாய் மிச்சத்திற்கு இந்தத் தொல்லை தேவையா?

மிச்சம் எவ்வளவு?

வியாபாரிக்குக் கணக்கு வேண்டும். மேலே சொன்ன 18 வாட் பட்டை நாளுக்கு 12 மணி நேரம் வீணாக எரிந்தால் மாதம் சுமார் ஆறரை யூனிட். தானியங்கியாக நாளுக்கு அரை மணி எரிந்தால் கால் யூனிட்டுக்குச் சற்றே அதிகம். விளக்கு அணைந்திருக்கும்போதும் அடாப்டர் கொஞ்சம் இழுக்கும். அதை அரை வாட் என்று வைத்தால் மாதம் மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்குச் சற்று மேல். ஆகமொத்தம் முக்கால் யூனிட்டுக்குள். ஆக, ஒரு அலமாரிக்கு மாதம் ஆறு யூனிட் அளவுக்குத்தான் மிச்சம். இதனால் மின் கட்டணம் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. கீழ்த்தட்டில் வெளிச்சம் இருந்தால் காலாவதி தேதி கண்ணில் படும். பழைய சரக்கு முன்னும் புதிய சரக்கு பின்னும் அடுக்க முடியும். பூச்சி விழுந்த பருப்பும், கசியும் எண்ணெய்ப் பாக்கெட்டும் வாடிக்கையாளர் கையில் போவதற்கு முன் நமக்குத் தெரியும். தேதி முடிந்த ஒரு பொருள் கடையை விட்டு வெளியே போனால் இழப்பது அதன் விலையை மட்டுமல்ல, பல ஆண்டுகளாகச் சேர்த்த பெயரையும்தான். வீட்டிலோ, வயதான பெற்றோர் இருட்டில் தடுமாறாமல் மருந்துப் பெட்டியை எடுக்க முடியும்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் பருப்பு பளபளக்கும். அதிக நீலத்தில் மிளகாய்த்தூள் மங்கும். 4000 கெல்வின் அளவில், நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 80க்கு மேல் உள்ள பட்டை கடைக்கு ஏற்றது. சரக்கை உள்ளபடி காட்டுவதுதான் வாடிக்கையாளருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

முதலில் ஒரே ஒரு அலமாரியில் பொருத்திப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த அலமாரிக்குப் போகலாம். அவசரமில்லாமல், அளந்து, பில் வாங்கிச் செய்யும் வேலை நம் தொழிலுக்குப் பழகியதுதானே!