சின்னப் பிள்ளைகளுக்கு வேதாகமத்தில் எதைச் சொல்வது?

வேதாகமத்தில் 66 புத்தகங்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆதியாகமத்திலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், லேவியராகமத்தின் பலிச் சட்டங்கள் வரும்போது எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடிவிடும். பொறுக்கியெடுத்துத்தான் சொல்ல வேண்டும். ஜெர்மானிய ஆசிரியர் யோஹான் ஹுப்னர் 1714-லேயே பழைய ஏற்பாட்டில் 52, புதிய ஏற்பாட்டில் 52 என்று கதைகளைத் தேர்ந்து பிள்ளைகளுக்கென ஒரு நூல் வெளியிட்டார்.

தன் வயதுள்ள ஒருவர் கதைக்குள் இருந்தால் பிள்ளை காது கொடுக்கும். நாணல் பெட்டியில் கிடக்கும் தம்பியைத் தள்ளி நின்று பார்க்கும் அக்கா, இரவில் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டு எழுந்து ஓடும் சாமுவேல், நாகமானின் வீட்டில் வேலை செய்த சிறுபெண், ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் வைத்திருந்த பையன் என்று இப்படிப்பட்டவர்கள் நிறையவே உண்டு. அந்த அப்பங்கள் ஒரு பையனுடையவை என்று சொல்வது யோவான் மட்டுமே. ஆகவே அந்தக் கதைக்கு யோவான் 6-ஐ எடுப்பதே நல்லது.

ஊரோடு ஒட்டுகிற பகுதிகளும் அதே அளவு முக்கியம். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் பணி செய்த வட்டாரம் எங்களுடையது. சத்துவாச்சாரி முதல் ஆம்பூர் வரை தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போஸ்தலர் 9, 10 அதிகாரங்களைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. யோப்பா பட்டணத்தில் பேதுரு பல நாள் தங்கியது, கடலோரத்தில் குடியிருந்த தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். செத்த விலங்கின் தோலைத் தொடும் தொழில் என்று அன்றைய யூதர்கள் அதை இழிவாகப் பார்த்தார்கள். அந்த வீட்டின் மேல்மாடியில் ஜெபிக்கும்போதுதான் பேதுருவுக்குத் தரிசனம் கிடைக்கிறது. எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லக் கூடாது என்று அவர் புரிந்துகொள்கிறார். அப்பாவின் சட்டையில் தோல் வாடை அறிந்த பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான பாடம் கிடைப்பது அரிது. மணலாய்க் கிடக்கும் பாலாற்றைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, எலியா தண்ணீர் குடித்த கேரீத் ஆறு வற்றிப்போனதையும் விளக்க வேண்டியதில்லை.

சிலவற்றைத் தள்ளிப்போடலாம். யெப்தாவின் மகள் கதை, நியாயாதிபதிகள் 19 எல்லாம் பெரியவர்களுக்கே கனமானவை. ஈசாக்கைப் பலியிடப் போன கதையைச் சிறு பிள்ளை ஈசாக்காக நின்றுதான் கேட்கும். பத்து வயது வரை பொறுக்கலாம். நோவாவின் பேழையை ஒட்டகச்சிவிங்கிப் படமாக மட்டும் காட்டினாலும், வெளியே நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி வரும். பதில் சொல்லத் துணியாதவர் அந்தக் கதையை எடுக்காமலிருப்பதே நேர்மை.

மனப்பாடத்துக்குச் சங்கீதம் 117 போதும், இரண்டே வசனம். பழைய தமிழ் நடையாக இருந்தாலும் ராகத்தோடு சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். 176 வசனமுள்ள 119-ஐ வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒரு கதை தாராளம். அடுத்த வாரம் புதியதைத் தொடங்கும் முன், பழையதைப் பிள்ளையின் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொன்னால் போதும்.