நின்ற இடத்தில் நிற்கும் கேஸ் ஸ்பிரிங்

அலுவலக நாற்காலியில் லீவரைத் தூக்கினால் இருக்கை ஏறும். உட்கார்ந்தபடி தூக்கினால் இறங்கும். கையை எடுத்தால் அப்படியே நிற்கும். கார் டிக்கியைத் தாங்கும் சாதாரண கேஸ் ஸ்பிரிங்கை இப்படி நடுவழியில் பூட்டிவைக்க முடியாது.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். மூடிய சிலிண்டருக்குள் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன், கொஞ்சம் ஆயில், தண்டு பொருத்திய பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் இரு பக்கமும் அழுத்தம் சமம். அப்படியானால் தண்டு ஏன் வெளியே தள்ளப்படுகிறது? தண்டு பொருந்தியிருக்கும் பக்கத்தில் அதன் குறுக்குப் பரப்பளவு வாயுவின் பிடிக்குத் தப்பிவிடுகிறது. மறுபக்கம் முழுப் பரப்பிலும் வாயு அழுத்துகிறது. அந்த வித்தியாசம்தான் விசை. 10 மில்லிமீட்டர் தண்டும் 50 பார் அழுத்தமும் இருந்தால் சுமார் 40 கிலோ எடையைத் தாங்கும். இவ்வளவு ஒல்லியான கம்பிக்கு இவ்வளவு வலு என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பூட்டும் வகையில் அந்தத் துளையின் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். பெரும்பாலும் தண்டு உள்ளீடற்றது. அதனூடே ஓடும் ஊசியை அழுத்தினால் வால்வு திறக்கும், விட்டால் மூடும். நாற்காலியில் மட்டும் வால்வு சிலிண்டரின் உச்சியில், லீவருக்கு நேர் கீழே உள்ளது. வால்வு மூடியதும் இரு அறைகளுக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போகும். பிஸ்டன் நகர வழியில்லை.

அறைக்குள் சிக்கியது எது என்பதைப் பொறுத்தே வகைகள் பிரிகின்றன. இரு பக்கமும் வாயு என்றால் பூட்டிய பிறகும் லேசாக அமுங்கி எழும். தொப்பென்று உட்காரும்போது நாற்காலி முதுகெலும்பைக் காப்பது இதனால்தான். ஆயில் ஏறக்குறைய அமுங்காது. அது சிக்கினால் பூட்டு இறுகிவிடும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் இருந்தால் அழுத்தும் திசையில் அசையாது, தண்டுப் பக்கம் இருந்தால் இழுக்கும் திசையில் அசையாது. சாய்வாகவோ படுக்கைவாட்டிலோ பொருத்தினால் ஆயில் இடம் மாறுமே? அதற்காக ஆயிலையும் வாயுவையும் பிரிக்க இன்னொரு மிதக்கும் பிஸ்டன் வைக்கிறார்கள். நோயாளியைத் தாங்கும் கட்டிலின் முதுகுப் பலகைக்கு இந்த இறுக்கமான வகையே ஏற்றது.

உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலி மெல்ல இறங்கினால் வால்வோ சீலோ தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள். பழையதைத் துளைக்கவோ வெல்டிங் செய்யவோ நெருப்பில் போடவோ வேண்டாம். உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கக்கூடும்.